நூற்றுப் பதினேழின் ஞாயிற்றுக்கிழமைகள்

இதை அவள் வாயால் முதலில் கேட்டவர்களில் ஒருவர், "கதை நல்லா இருக்கே" என்றார். நிரஞ்சனா எழுந்து உள்ளே போய்விட்டாள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. பிஜித் தீவில், நாந்தி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நமாகாவில், 2007 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் நடந்தது. தேதி, கிழமை, நிமிஷம் எல்லாவற்றையும் அவள் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். நான் பார்த்தேன்.

இன்னொன்று. பேய் என்றதும் நடுராத்திரி, சுடுகாடு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இது பட்டப்பகலில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஒன்று பத்துக்கு.

நிரஞ்சனா கரூர்க்காரி. அங்கே படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றின் ஆபீசில் ஏழு வருஷம் வேலை பார்த்தவள். கணவன் முகிலனுக்கு நாந்தியில் கணக்கு வாத்தியார் வேலை கிடைத்து, 2006 ஜூலையில் இருவரும் பிஜிக்கு வந்தார்கள். மார்டின்டார் என்ற பகுதியில் ஓர் ஓட்டலுக்குப் பின்னால் மாடி வீடு. செப்டம்பரில் அவளுக்கும் நமாகாவில் ஒரு பெரிய லாண்டரியில் வேலை கிடைத்தது. கடற்கரை ஓட்டல்களின் விரிப்பும் துண்டும் வண்டி வண்டியாக அங்கே வரும். முப்பத்தொரு பேர் வேலை. துவைக்க, காயவைக்க, இஸ்திரி போட எல்லாவற்றுக்கும் நீராவி. அதற்குப் பின்கட்டில் ஒரு பழைய பாய்லர்.

முதலாளி ரவீந்திரா. நல்ல மனிதர்தான். ஆனால் எப்போதும் வாசலைப் பார்த்தபடியே பேசுவார்.

டிசம்பர் ஐந்தாம் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. நிரஞ்சனா பயந்து போனாள். லாண்டரியில் யாரும் பயப்படவில்லை. எண்பத்தேழில் ரெண்டு, இரண்டாயிரத்தில் ஒண்ணு, இதோட நாலு என்று விரல் மடக்கி எண்ணினார்கள். அவ்வளவுதான். நமாகா ரோட்டில் சிப்பாய்கள் வண்டிகளை நிறுத்திப் பின்பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். ஆட்கள் பேச்சில்லாமல் கிளம்ப ஆரம்பித்தார்கள். ஆக்லாந்து, பிரிஸ்பேன், வான்கூவர். வாரத்துக்கு ஒருத்தர் ஆபீஸ் கதவைத் தட்டி, வேலை பார்த்ததற்கு ஒரு கடிதம் வேண்டும் என்று நின்றார்கள். விசாவுக்குக் கேட்பார்கள். எத்தனை வருஷம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று அதில் துல்லியமாக இருக்க வேண்டும்.

அந்த மணிக்கணக்கு நிரஞ்சனாவிடம்தான் இருந்தது. அட்டையைச் செருகிக் குத்தும் பழைய மெஷினை எடுத்துவிட்டு, நவம்பரில் புதிதாக டைம்ஷீட் சாஃப்ட்வேர் போட்டிருந்தார்கள். பழைய ஆட்பட்டியலை எண்களோடு அப்படியே அதில் ஏற்றிவிட்டார்கள். ஆபீசுக்கு எதிர்ச்சுவரில் எண்களை அழுத்தும் ஒரு சின்னப் பெட்டி. வருகிறவர்கள் தங்கள் எண்ணை அழுத்துவார்கள். 'பீப்' என்று சத்தம் வரும். போகும்போது மறுபடி ஒரு 'பீப்'. நேரம் அவளுடைய கம்ப்யூட்டரில் ஏறிவிடும். வாரக் கடைசியில் நீளப் பட்டியலாக வரும் பெயர்களை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, 'எல்லாம் சரி' என்று ஒரே அழுத்தாக அழுத்திவிடுவாள்.

ஜனவரி 24, புதன்கிழமை. காலை 10.40. துணி மடிக்கும் பிரிவில் இருந்த வினீதா கடிதம் கேட்டு வந்தாள். வாரத்துக்கு எத்தனை மணி என்று எண்ணுவதற்காக, நிரஞ்சனா முதல்முறையாகப் பட்டியலை விட்டுக் காலண்டர் பக்கத்தைத் திறந்தாள். ஓர் ஆளுக்கு ஒரு பக்கம். மாதம் முழுவதும் கட்டம் கட்டமாக விரிந்தது. வேலை பார்த்த நாளின் கட்டத்தில் மணி நேரம். சரி பார்த்தது பச்சை. பார்க்காதது மஞ்சள்.

பார்க்கவே அழகாக இருந்தது. வினீதாவின் கட்டங்களை எண்ணி எழுதிக்கொண்டாள். அடுத்த பெயருக்குப் போனாள்.

ஷைலேந்திரா. எண் 117.

அப்படி ஓர் ஆளை அவளுக்குத் தெரியாது.

மாதம் முழுக்க வெள்ளைக் கட்டங்கள். ஞாயிற்றுக்கிழமை வரிசையில் மட்டும், மேலிருந்து கீழாகப் பச்சை. ஏழாம் தேதி. பதினாலு. இருபத்தொன்று. ஒவ்வொன்றிலும் கால் மணி நேரம். உள்ளே 1.10. வெளியே 1.25.

டிசம்பரைத் திறந்தாள். அதே மாதிரி. நவம்பர். அதே மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை லாண்டரிக்கு விடுமுறை. கேட்டுக்கு வெளியிலிருந்து பூட்டு. சாவி இரண்டு. ஒன்று ரவீந்திராவிடம். இன்னொன்று அவளுடைய கைப்பையில்.

அவ்வளவு ஞாயிறுகளையும் 'சரி' என்று அழுத்திப் பச்சையாக்கியது அவள்தான்.

* * *

முதலில் அவளுக்கு வந்தது பயமில்லை, எரிச்சல். யாரோ விளையாடுகிறார்கள். பாய்லர் பார்க்கும் பிஜேந்திராவைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவன் தன் எண்ணைச் சொல்லிவிட்டு, 117 யாரென்று தெரியாது என்றான். ஞாயிற்றுக்கிழமை தான் தேவாலயத்தில் பாடுகிறவன் என்றான்.

இஸ்திரிப் பிரிவுக்கு மேஸ்திரி தாயம்மா. ஐம்பது வயதைத் தாண்டியவள். லாண்டரியில் தமிழ் பேசுகிற ஒரே ஆள்; மற்றவர்களோடு நிரஞ்சனா பேசுவதெல்லாம் இங்கிலீஷ்தான். பாட்டனார் காலத்து மெட்ராஸ் பேச்சும் பிஜி இந்தியும் கலந்து வரும். பெயரைச் சொன்னதும் அவள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்தினாள்.

"ஷைலேந்திராவா? அவன இன்னாத்துக்குக் கேக்கறே, தங்கச்சி?"

"யாருக்கா அது?"

"நம்ம பாய்லர்காரன். இருபது வருஷம் அத வச்சிருந்தான். ரெண்டாயிரத்துல கலாட்டா ஆச்சு இல்ல, அப்ப அவன் வீட்டுக் கண்ணாடியெல்லாம் ஒடைச்சுட்டாங்க. பொண்டாட்டி பயந்துட்டா. அடுத்த வருஷம் ஜனவரியில கனடா போயிட்டான்."

"இப்ப இங்க வர்றாரா?"

"எங்க வர்றது? காகிதம்கூட வரல. அவன் பொண்டாட்டி சரோஜ்தான் தீபாவளிக்குத் தீபாவளி அட்டை அனுப்புவா."

நிரஞ்சனா ஞாயிற்றுக்கிழமைக் கணக்கைச் சொன்னாள். தாயம்மா பாய்லர் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"எத்வார் எத்வார் அவன் வருவான்தான்" என்றாள் மெதுவாக. ஞாயிற்றுக்கிழமையை அப்படித்தான் சொல்வாள். "மத்தியானம் சோறு தின்னுட்டு வருவான். பாய்லர் அடியில ஒரு வால்வு இருக்குது. வாரம் பூரா சேந்த சேத்த அதுல தொறந்து விடணும். கால் மணி நேர காம், அவ்வளவுதான் வேலை. எப்பவும் அவனே செய்வான், யாரையும் தொட விடமாட்டான்."

"அக்கா, இது அப்போ இல்ல. இப்போ. போன ஞாயித்துக்கிழமை."

"எனக்கு வேலை கெடக்குது" என்று தாயம்மா இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

அன்று மாலை 4.15-க்கு நிரஞ்சனா மாடிப்படிக்குக் கீழே இருந்த பழைய அட்டைப்பெட்டிகளை இழுத்தாள். மெஷினில் குத்திய அட்டைகள், வருஷவாரியாகக் கட்டி வைத்தவை. 2003 கட்டைப் பிரித்தாள். 117-ஆம் அட்டைகள் இருந்தன. நம்பவே முடியவில்லை... இருந்தன. ஆள் போய் இரண்டு வருஷத்துக்குப் பிறகு குத்தியவை. வாரத்துக்கு ஒன்று. ஞாயிறு மட்டும்.

1.10. 1.25. சிவப்பு மையில்.

அவளுக்கு முன்னால் இருந்த எழுத்தர்கள் எவரும் கேள்வி கேட்கவில்லை. கட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு, அவர்களும் ஒவ்வொருவராக நாட்டை விட்டுப் போய்விட்டார்கள்.

முகிலனிடம் சொன்னாள். அவன் தோசையைத் திருப்பிப் போட்டபடி யோசித்தான்.

"எல்லா வாரமும் ஒண்ணு பத்துதானா?"

"எல்லா வாரமும்."

"அப்ப அது மெஷின் கோளாறு. மனுஷனா இருந்தா ஒருநாளாவது லேட்டா வருவான்."

கணக்கு வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் நினைத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு, ஜனவரி 28, அவள் போகவில்லை. திங்கட்கிழமை காலண்டரைத் திறந்தாள். புதிதாக ஒரு மஞ்சள் கட்டம்.

அதற்கும் அடுத்த ஞாயிறு போனாள்.

* * *

பிப்ரவரி 4. மார்டின்டாரில் டாக்சி ஏறும்போது 12.20. நமாகாவில் சிப்பாய் வண்டியை நிறுத்தினான். சின்னப் பையன் முகம். "ஞாயித்துக்கிழமையும் வேலையா?" என்று சிரித்து அனுப்பினான். 12.35-க்கு லாண்டரி. கேட்டைத் திறந்தாள். உள்ளே வந்து, உள்பக்கமாகப் பூட்டினாள். இழுத்தும் பார்த்தாள்.

உள்ளே ஒருவரும் இல்லை. மெஷின்கள் வாய் திறந்தபடி நின்றன. பக்கத்துக் கிராமத்து தேவாலயத்தில் பாட்டு கேட்டது. மலைப்பக்கம் மழை கறுத்துக்கொண்டு வந்தது.

12.50. கம்ப்யூட்டரைப் போட்டாள். 117-இன் காலண்டர் பக்கம். பிப்ரவரி. நாலாம் தேதிக் கட்டம் வெள்ளையாக இருந்தது.

அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணாடி வழியே எதிர்ச்சுவர் தெரியும். எண் பெட்டி தெரியும். இடதுபுறம் நீள நடை. நடையின் கடைசியில் பாய்லர் அறையின் கம்பிவலைக் கதவு. அதற்கும் பூட்டு.

1.05. மழை தகரக் கூரையில் விழ ஆரம்பித்தது.

1.08. தேவாலயத்துப் பாட்டு நின்றது.

1.09. தனக்குத் தானே சிரித்துக்கொண்டாள். என்ன பைத்தியக்காரத்தனம்...

1.10.

எண் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. யாராவது பொத்தானைத் தொட்டால்தான் அது எரியும்.

ஒன்று.

ஒன்று.

ஏழு.

பீப்.

பெட்டியின் முன்னால் யாரும் இல்லை.

அவள் கண்ணை எடுக்காமல் திரையைப் பார்த்தாள். நாலாம் தேதிக் கட்டம் மஞ்சளாகியது.

வயர் கோளாறு. மழை. கரண்ட். முகிலன் சொல்லக்கூடிய எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். அப்போது நடையின் கடைசியில் சத்தம் கேட்டது.

கிரீச்...

நிறுத்தம்.

கிரீச்...

ஏன் எழுந்து போனாள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. கால் தானாகப் போனது என்கிறாள். கம்பிவலைக் கதவின் பூட்டு பூட்டியபடியே இருந்தது. வலை வழியாக உள்ளே பார்த்தாள்.

பாய்லரின் அடியில், தரையை ஒட்டி, ஒரு சிவப்புச் சக்கரம். அது சுற்றிக்கொண்டிருந்தது. பாதிச் சுற்று. நின்றது. பாதிச் சுற்று. நின்றது. ஒரே கையால் திறக்கிற ஆள், பிடியை விட்டு விட்டுப் பிடிப்பதுபோல.

சேறும் தண்ணீரும் செங்கல் நிறத்தில் பீறிட்டுத் தரையில் பரவின.

தண்ணீர் இரண்டு இடங்களை மட்டும் தொடவில்லை.

சக்கரத்துக்கு முன்னால், பக்கத்தில் பக்கத்தில், இரண்டு இடங்கள். தண்ணீர் அவற்றைச் சுற்றிக்கொண்டு ஓடியது.

ஒரு வாசனை வந்தது. எண்ணெய் வாசனை இல்லை. சேற்று வாசனையும் இல்லை. பினாயில், மருந்து, வெளுத்த விரிப்பு... ஆஸ்பத்திரி வார்டில் வரும் வாசனை.

சக்கரம் திரும்ப மூடியது. கிரீச்... கிரீச்...

இரண்டில் ஓர் இடத்தைத் தண்ணீர் மூடியது.

கொஞ்சம் முன்னால் வேறோர் இடம் காய்ந்தது.

கதவுப் பக்கமாக.

மறுபடி ஒன்று.

இன்னும் பக்கத்தில்.

அவளால் நகர முடியவில்லை. கம்பிவலையில் பதிந்திருந்த விரல்களின் மேல் யாரோ மூச்சு விட்டார்கள். சில்லென்று. ஐஸ்பெட்டியைத் திறந்ததுபோல.

பிறகு ஒன்றுமில்லை.

முதுகுக்குப் பின்னால், நடையின் அந்தக் கோடியில்...

பீப்.

1.25.

* * *

கேட்டை எப்படித் திறந்தாள், டாக்சியை எங்கே பிடித்தாள் என்பது நோட்டில் இல்லை. 2.05-க்கு வீட்டில் இருந்தாள் என்று மட்டும் இருக்கிறது. முகிலன் இன்னும் சில்லென்றிருந்த அவள் விரல்களைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அதற்கு மேல் மெஷின் கோளாறு என்று சொல்லவில்லை.

"வேலைய விட்டுடலாமா?" என்றான்.

விட முடியாது. அவளுடைய வேலை அனுமதி மார்ச்சில் முடிகிறது. ஆட்சி மாறிய பிறகு குடியேற்ற ஆபீசில் எந்தக் காகிதமும் சுலபமாக நகரவில்லை. ரவீந்திரா கையெழுத்துப் போட்டால்தான் புதுப்பிக்கவே முடியும்.

அந்த ரவீந்திராதான் வெள்ளிக்கிழமை கூப்பிட்டார். பிப்ரவரி 9. லாண்டரியை விற்றுவிட்டுப் பிரிஸ்பேனுக்குப் போகப் போவதாகவும், வாங்குகிறவர்களின் ஆட்கள் அடுத்த வாரம் எல்லாப் பதிவுகளையும் பார்க்க வருவதாகவும் சொன்னார். பேசும்போது வாசலைப் பார்த்தார்.

"டைம்ஷீட் சுத்தமா இருக்கணும். போனவங்க பேர் ஒண்ணுகூட இருக்கக் கூடாது."

"சார், நூத்திப் பதினேழுன்னு ஒரு நம்பர்..."

"ஷைலேந்திரா. அவன் போய் ஆறு வருஷம் ஆச்சு. எடுத்துடு."

"ஞாயித்துக்கிழமை பாய்லர யாரு பாக்கறாங்க சார்?"

"அதெல்லாம் ஆள் இருக்கு. நீ பேரை எடு."

மாலை 4.20. ஷைலேந்திராவின் பக்கத்தைத் திறந்தாள். 'வேலையில் இல்லை' என்று மாற்றினாள். சாஃப்ட்வேர் ஒரு கேள்வி கேட்டது. இனி இந்த நபரால் நேரத்தைப் பதிய முடியாது, சம்மதமா?

சம்மதம் என்று அழுத்தினாள்.

உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. காலண்டர் துடைத்த பலகை மாதிரி மறைந்தது. ஞாயிற்றுக்கிழமை முகிலனோடு நாந்தி கோவிலுக்குப் போனாள். ஒன்று பத்துக்குப் பிராகாரத்தில் நின்று மணி பார்த்தாள். எதுவும் நடக்கவில்லை.

திங்கட்கிழமை, பிப்ரவரி 12. காலை 7.45-க்கு ஆபீசுக்கு வந்தாள். பாய்லரை 6.30-க்கே பற்ற வைத்திருந்தார்கள். இஸ்திரிப் பக்கம் நீராவி சீறியது. எல்லோரும் வேலையில் இருந்தார்கள். கம்ப்யூட்டரைப் போட்டாள்.

திரையின் மூலையில் ஒரு சிவப்பு அறிவிப்பு. எண் பெட்டி ஏற்றுக்கொள்ளாத எண்கள். எப்போதாவது யாராவது தவறாக அழுத்தினால் ஒன்றிரண்டு வரும். இன்று நீளமாக வந்தது.

ஞாயிறு, 1.10. எண் 117. அனுமதி இல்லை.

1.10. எண் 117. அனுமதி இல்லை.

1.11. எண் 117. அனுமதி இல்லை.

1.11. 1.11. 1.12...

கீழே உருட்டினாள். உருட்டிக்கொண்டே இருந்தாள். கடைசி வரி 1.25.

நாற்பத்து மூன்று தடவை.

பயத்துக்கு நடுவில் அவளுக்கு வேறொரு நினைப்பும் வந்தது. நேற்று அவன் உள்ளே போகவில்லை. அப்படியானால் அந்தச் சக்கரத்தை யார் திறந்தார்கள்?

பாய்லர் அறைக்கு ஓடினாள். பிஜேந்திரா டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"அடி வால்வு. சேறு திறந்து விடறது. நீதான் செய்யறியா?"

"நானில்ல மேடம். அத முதலாளி ஞாயித்துக்கிழமை வந்து செய்வார். எனக்கு அப்படித்தான் சொன்னாங்க."

சத்தம் கேட்டு ரவீந்திரா வந்தார். "நானா?" என்றார். "பிஜேந்திரா செய்யறான்னு இல்ல நெனச்சேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அணைச்சுடுங்க" என்றாள் நிரஞ்சனா.

"எதுக்கு மேடம்? பாருங்க, தண்ணி பாதி இருக்கு." மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைப் பிஜேந்திரா காட்டினான். தண்ணீர் பாதியில் நின்றது. அசையவே இல்லை.

"இன்னிக்கு மூணு ஓட்டலுக்கு அனுப்பணும்" என்றார் ரவீந்திரா. "விளையாடாதே, நிரஞ்சனா."

அவள் அவரைத் தள்ளிக்கொண்டு போய், சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அடித்தாள். அடுப்பு அணைந்தது. "தாயம்மாக்கா! எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போங்க!" என்று கத்தினாள். தாயம்மா ஏன் என்று கேட்கவில்லை. மற்ற எல்லோரையும் விரட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். 7.58.

ரவீந்திரா, இனி உனக்கு இங்கே வேலை இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் பாய்லரின் உள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. வயிற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல. பின்பக்கத் தகடு மங்கலாக, தணல் நிறத்தில், சிவந்திருந்தது.

மூன்று பேரும் வெளியே ஓடினார்கள்.

வெடிக்கவில்லை. அடுப்பு அணைந்துவிட்டதால் வெடிக்கவில்லை. சாயங்காலம் வரை முற்றத்தில் உட்கார்ந்து, அது ஆறுகிறதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை பாய்லர் பரிசோதகர் வந்தார். வயதானவர், பா ஊர்க்காரர், கரும்பாலையில் பாய்லரோடு வாழ்ந்தவர். குழாய்களைக் கழற்றிப் பார்த்தார். கண்ணாடிக் குழாயின் அடியைச் சேற்றுக் கட்டி அடைத்திருந்தது. பாய்லருக்குள் தண்ணீர் தீர்ந்துபோன பிறகும், குழாயில் பழைய தண்ணீர் பாதியிலேயே நின்றிருக்கிறது.

"இன்னும் பத்து நிமிஷம் எரிஞ்சிருந்தா இந்தக் கட்டடம் இருக்காது" என்றார். "இந்த ஊர்த் தண்ணிக்கு ஒரு வாரம் தவறினாலே அடைச்சுக்கும். இதுவரைக்கும் ஒழுங்கா தொறந்து விட்டிருக்காங்க. போன வாரம்தான் விட்டுப் போயிருக்கு. யாரு உங்க ஆளு?"



* * *

வெள்ளிக்கிழமை தாயம்மா ஒரு தீபாவளி அட்டையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். உள்ளே சரோஜின் கனடா டெலிபோன் எண்.

"நீ பேசு, தங்கச்சி. என்னால ஆவாது."

காலை 11.05. மணி ஐந்து முறை அடித்தது. ஒரு பெண் எடுத்தாள். நமாகா லாண்டரி என்றதும் அவள் குரல் உடைந்தது. பா பக்கத்துத் தமிழ்க் குடும்பத்துப் பெண். தட்டுத் தடுமாறித் தமிழ் பேசினாள்.

"உங்களுக்கு அதுக்குள்ள யாரு சொன்னா?"

"என்ன சொல்லணும்?"

"அவரு போயிட்டாரும்மா. போன சனிக்கிழமை."

நிரஞ்சனா காலண்டரைப் பார்த்தாள். இங்கே ஞாயிறு மத்தியானம் ஒன்று பத்து என்றால், அங்கே சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து பத்து.

சரோஜ் நிறுத்தாமல் பேசினாள். ஐந்து நாளாக யாரிடமும் பேசாதவள்போல. கனடாவுக்கு வந்த மூன்றாம் வாரமே பனியில் விழுந்தார். மூளையில் ரத்தம் கட்டிவிட்டது. இடது பக்கம் விளங்கவில்லை. பேச்சு இல்லை. ஆளைத் தெரியாது. ஆறு வருஷமும் ஆஸ்பத்திரிக் கட்டில்தான். தீபாவளி அட்டையில் இதை எழுத அவளுக்கு மனம் வரவில்லை.

"ஆனா வாரத்துக்கு ஒரு வாட்டி அந்த வலது கை மட்டும் எழும்பும். சனிக்கிழமை. குளிர்காலத்துல அஞ்சு பத்துக்கு, வெயில் காலத்துல இங்க கடிகாரத்த ஒரு மணி தள்ளி வெப்பாங்க, அப்ப ஆறு பத்துக்கு. எதையோ புடிச்சுத் திருப்பற மாதிரி சுத்தும். கால் மணி நேரம். அப்புறம் தூங்கிடுவாரு. டாக்டருங்க எழுதி எழுதிப் பாத்தாங்க. ஒண்ணும் புரியல."

நிரஞ்சனா அந்த நேரங்களை நோட்டில் எழுதினாள்.

"போன வாரம் கை சுத்தல, தங்கச்சி. ஒரே வெரலால காத்துல குத்திக்கினே இருந்தாரு. குத்துவாரு, நிறுத்துவாரு. மறுபடி குத்துவாரு. வேர்த்துக் கொட்டுது. அப்புறம்... பேசினாரு. ஆறு வருஷம் கழிச்சு. ஒரே வார்த்தைதான், திரும்பத் திரும்ப."

"என்ன சொன்னாரு?"

"'நம்பர் எடுக்கல, நம்பர் எடுக்கல'ன்னு. டாக்டருக்குச் சொல்லணும்னு நர்ஸ் பொண்ணு காகிதத்துல கோடு போட்டு எண்ணினா. நாப்பத்தி மூணு கோடு. அப்படியே அஞ்சு இருபத்தஞ்சுக்கு அடங்கிட்டாரு."

சரோஜ் அழுது முடித்துவிட்டுக் கேட்டாள்.

"எந்த நம்பரும்மா அது? அவரு எதுக்கு அப்படித் தவிச்சாரு? உங்க யாருக்காவது தெரியுமா?"

நிரஞ்சனா தெரியாது என்றாள்.